புரோ டிப்ளோமா எதை அளக்கிறது?

2022 ஏப்ரலில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் 'ஐ' பிரிவு ஆட்டங்கள் முழுவதும் ஜொகூரில் நடந்தன. ஜப்பானின் கவாசாகி ஃபுரொந்தாலே, தென் கொரியாவின் உல்சான் ஹூண்டாய், சீனாவின் குவாங்சௌ, சொந்த மண்ணின் ஜொகூர் டாருல் தாக்ஸிம் (ஜேடிடி). உல்சானின் பயிற்றுநர், 2002 உலகக் கிண்ணத்தில் கொரிய அணிக்குத் தலைமை தாங்கிய ஹோங் மியோங்-போ. கவாசாகியின் பயிற்றுநர் தோரு ஒனிக்கி, அதற்குள் நான்கு முறை ஜப்பானிய லீக் பட்டம் வென்றிருந்தவர். ஜேடிடிக்கு மெக்சிகோவின் பெஞ்சமின் மோரா. உல்சானை ஜேடிடி இரண்டு முறையும் 2-1 என்று வென்றது. கவாசாகியை 0-0 என்று தடுத்து நிறுத்தியது. சில நாளிலேயே அதே கவாசாகியிடம் 0-5 என்று நொறுங்கியது. 13 புள்ளிகளோடு பிரிவின் முதலிடம். மலேசியக் கிளப் ஒன்று அந்தப் போட்டியின் நாக்-அவுட் சுற்றுக்குத் தேறியது அதுவே முதல் முறை.

ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் (ஏஎஃப்சி) உச்சப் போட்டியில் தலைமைப் பயிற்றுநராக நிற்க வேண்டுமென்றால் ஏஎஃப்சி புரோ டிப்ளோமா வேண்டும். இல்லையேல் அதற்கு நிகரான வேறு கண்டத்துச் சான்று வேண்டும். ஆக அந்தப் பிரிவில் கோட்டோரத்தில் நின்றவர்களின் தகுதி ஒன்றே. முடிவுகளோ மலைக்கும் மடுவுக்குமாய் இருந்தன. ஒரே மனிதரின் அணி, கையில் அதே சான்றோடு, ஓர் ஆட்டத்தில் ஒரு கோல்கூட வாங்காமல் வெளியே வந்து அடுத்த ஆட்டத்தில் ஐந்து வாங்குகிறது. இதைக் காட்டி, சான்றிதழ் வெறும் காகிதம் என்று அடித்துச் சொல்பவர்கள் ஜொகூர் பாருவின் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் உண்டு. அவர்கள் சொல்வது தவறு என்பது என் முடிவு. அதே அளவு உறுதியாக இன்னொன்றும் சொல்வேன்: அந்தச் சான்றை நாம் பயன்படுத்தும் விதமும் தவறு. இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில், இந்தப் படிப்பு என்ன கேட்கிறது என்று பார்ப்போம். சி, பி, ஏ, அதற்கு மேல் புரோ என்று படிகள் நான்கு. ஐரோப்பாவில் 1998இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்டுத் தொடங்கிய பயிற்றுநர் ஒப்பந்தத்தின் வழியில்தான் ஆசியாவும் தன் படிகளை அமைத்துக்கொண்டது. ஐரோப்பியக் கூட்டமைப்பின் 2020ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி சி சான்றுக்குக் குறைந்தது 60 மணி நேரம், பிக்கு 120, ஏக்கு 180, புரோவுக்கு 360. எல்லாம் கூட்டினால் 720 மணி. ஒரு நாளைக்கு இரண்டு மணி, வாரத்துக்கு ஐந்து நாள், ஆண்டுக்கு நாற்பது வாரம் களத்தில் நிற்கும் பயிற்றுநர் ஒரு பருவத்தில் 400 மணி நேரத்தைக் களத்திலேயே கழித்துவிடுகிறார். அடிப்படையிலிருந்து உச்சிவரை உள்ள மொத்தப் படிப்பும் இரண்டு பருவக் கள வேலையைவிடக் குறைவு. படிப்பின் எல்லை எது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. பதினைந்து ஆண்டுகளாகக் களத்தில் நிற்பவருக்கு அனுபவத்தை எந்த வகுப்பும் புகட்ட முடியாது. அவர் அனுபவத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ள உதவலாம்.

அது உதவுகிறதா? மேல்படிச் சான்றுகளின் களத்தேர்வு எப்படி நடக்கும் என்று பார்த்தால் விடை தெரியும். களத்தில் பதினொருவருக்கு எதிராகப் பதினொருவர். தேர்வு எழுதுபவருக்கு முன்கூட்டியே ஒரு தலைப்பு கொடுக்கப்பட்டிருக்கும்: எதிரணி பக்கவாட்டில் தாக்கும்போது நடுக்கள வீரர்கள் எப்படி நகர வேண்டும் என்பது போல. ஆட்டம் ஓடுகிறது. அவர் விசிலடித்து நிறுத்துகிறார். இருபத்திரண்டு பேரும் நின்ற இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். இடப்புறத் தற்காப்பு வீரர் மூன்று மீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறார், அவருக்கு வெளியே எதிரணிக்காரர் தனியாக இருக்கிறார். கத்துக்குட்டிப் பயிற்றுநர் அந்தத் தற்காப்பு வீரரைத் திட்டுவார். தேர்ந்தவர் இன்னும் பதினைந்து மீட்டர் மேலே பார்ப்பார்: பந்தை இழந்த பக்கவாட்டுத் தாக்குநர் பின்னோக்கி ஓடி வரவில்லை, அந்த ஓட்டையை அடைக்கத்தான் நடுக்கள வீரர் வெளியே இழுபட்டார், நடுவில் விழுந்த இடைவெளியைக் கண்டுதான் தற்காப்பு வீரர் உள்ளே வந்தார். ஒருவரின் பிழை மூன்று பேரைத் தாண்டி நான்காமவரின் காலடியில் தெரிகிறது. இதை ஒரே வாக்கியத்தில் அவர் வீரர்களுக்குச் சொல்ல வேண்டும், அதே நிலையிலிருந்து ஆட்டத்தை மறுபடி ஓடவிட வேண்டும், மாற்றம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கோட்டோரத்தில் நிற்கும் மதிப்பீட்டாளர் குறித்துக்கொள்வது இவற்றைத்தான்: சரியான கணத்தில் நிறுத்தினாரா, காரணத்தைக் கண்டாரா, விளக்கம் நீண்டு வீரர்களின் உடல் ஆறிப்போனதா.

இது வெற்றுக் காகித வேலை என்று நேர்மையாக எவரும் சொல்ல முடியாது. காரணத்துக்கும் விளைவுக்கும் உள்ள தூரத்தைக் காணும் கண், பயிற்சியால் கூர்மையாகிற ஒன்று. பிறவியிலேயே அது வாய்த்த சிலர் இருக்கலாம். அவர்களை நம்பி ஒரு லீக்கை நடத்த முடியாது. புரோ நிலையில் இதோடு எதிரணி ஆய்வு, உதவியாளர் குழுவை நடத்துவது, நிர்வாகத்தோடும் ஊடகத்தோடும் பேசுவது, வெளிநாட்டுக் கிளப்பில் தங்கிப் பார்ப்பது, ஆய்வுக் கட்டுரை எழுதுவது எல்லாம் சேர்கின்றன. இத்தாலியின் கொவெர்ச்சானோ பயிற்சி மையத்தில் அந்தக் கட்டுரைக்குத் தனி மதிப்பு உண்டு. 2020 ஆகஸ்டில் ஜுவெண்டஸ் பயிற்றுநராக நியமிக்கப்பட்ட அந்திரேயா பிர்லோ, தன் கட்டுரையைச் சமர்ப்பித்துத் தேறியது செப்டம்பரில்தான், லீக் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு. அந்தப் பருவத்தில் ஜுவெண்டஸ் இரண்டு கிண்ணங்கள் வென்றது, லீக்கில் நான்காம் இடத்துக்கு இறங்கியது, பிர்லோ நீக்கப்பட்டார். கட்டுரையில் ஒரு காற்பந்தை வரைவது வேறு, திங்கள் முதல் ஞாயிறு வரை முப்பது பேரை வைத்து அதை விளைவிப்பது வேறு.

படிப்பு தொடாத பகுதிகளும் உண்டு. சம்பள பாக்கி மலேசியக் காற்பந்தின் தீராத நோய். வாடகை கட்டப் பணமில்லாத வீரர்களைச் சனிக்கிழமை இரவு ஓட வைக்க வேண்டிய பயிற்றுநருக்கு அந்த வகுப்பில் விடை இருக்காது. இடைவேளையில் இரண்டு கோல் பின்தங்கி உடைமாற்றும் அறைக்குள் நுழையும்போது யாரைத் திட்டுவது, யாரைத் தனியே அழைத்துத் தோளில் கை வைப்பது என்பதற்கும் பாடம் இல்லை. பாசிர் கூடாங்கில் பந்தயத் தடம் இருந்த காலத்தில், வண்டி ஓட்டும் உரிமம் வைத்திருந்த எல்லோரும் அங்கே வென்றுவிடவில்லை. அதற்காக உரிமம் இல்லாதவர்களைச் சாலையில் விடுங்கள் என்று யாரும் கேட்கவும் இல்லை. புரோ டிப்ளோமா ஒரு கீழ்வரம்பு. அதற்குக் கீழே போகக் கூடாது என்று சொல்கிறது. அதற்கு மேலே யார் எவ்வளவு உயரம் என்று அது சொல்வதில்லை. நம் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது: கீழ்வரம்பை நாம் தரவரிசையாகப் படிக்கிறோம்.

கீழ்வரம்பு என்ற அளவில் அதன் பயன் மலேசியாவில் ஐரோப்பாவைவிட அதிகம் என்பேன். இங்கே மாநிலக் காற்பந்துச் சங்கங்கள் நெடுங்காலம் மந்திரி பெசார்கள், முதலமைச்சர்கள், அரண்மனைகள் ஆகியோரின் நிழலில் இருந்தவை. தலைவர் மாறினால் பயிற்றுநர் மாறுவார். தலைவருக்கு வேண்டியவர், முன்னாள் நட்சத்திரம், தேர்தல் நேரத்தில் முகம் தெரிந்தவர் என்று யாரும் வரலாம் என்ற நிலைக்கு எதிராகச் சட்டப்படி நிற்கும் ஒரே சுவர் இந்தச் சான்றுதான். 'இவருக்கு ஏஎஃப்சி அனுமதி தராது' என்று ஒரு செயலாளர் தன் தலைவரிடம் சொல்ல முடிகிறது. வேறு எந்தக் காரணம் சொன்னாலும் அவர் வேலை போய்விடும். சான்றிதழை வெறுப்பவர்கள் இந்தப் பயனைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆட்டத் தரத்தை அது கூட்டியதோ இல்லையோ, தகுதியற்றவரைத் திணிக்கும் அதிகாரத்தைக் குறைத்திருக்கிறது. இதற்காக மட்டுமே நான் அந்த விதியைக் காப்பாற்றுவேன்.

இனி எதிர்வாதம். ஜொகூரே அதற்கு மிகப் பெரிய சாட்சி. 2012இல் ஜொகூர் பட்டத்து இளவரசர் துங்கு இஸ்மாயில் மாநிலக் காற்பந்துச் சங்கத் தலைமையை ஏற்றார். அடுத்த ஆண்டே ஜேடிடி என்ற பெயரில் அணி புதிதாக எழுந்தது. அப்போது பயிற்றுநர் சிங்கப்பூரின் ஃபாண்டி அகமது. அதே ஆண்டில் ஸ்பெயினின் சேசர் ஃபெராண்டோ வந்தார். 2014இல் குரோவேஷியாவின் போயான் ஹோடாக் அணியை நடத்த, முதல் சூப்பர் லீக் பட்டம் கிடைத்தது. 2015இல் அர்ஜென்டினாவின் மாரியோ கோமெஸ். அவர் காலத்தில், 2015 அக்டோபர் 31 அன்று துஷான்பே நகரில் இஸ்திக்லோல் அணியை 1-0 என வென்று ஏஎஃப்சி கிண்ணத்தைக் கைப்பற்றியது ஜேடிடி, தென்கிழக்காசியக் கிளப்களில் முதலாவதாக. பிறகு போர்ச்சுகலின் உலிசெஸ் மொராய்ஸ், மோரா, எக்டர் பிடோலியோ, எஸ்தெபான் சொலாரி, திரும்பவும் பிடோலியோ, 2025இல் முன்பு வாட்ஃபர்ட் அணியை நடத்திய சிஸ்கோ முன்யோஸ். நாடு மாறியது, மொழி மாறியது, ஆட்டப் பாணி மாறியது. 2014 முதல் 2024-25 வரை லீக் பட்டம் மட்டும் ஒருமுறைகூடக் கைமாறவில்லை: தொடர்ந்து பதினொன்று.

இதிலிருந்து எதைக் கழிப்பது, எதைச் சேர்ப்பது? பயிற்றுநர்கள் மாறியும் பட்டம் மாறவில்லை என்றால், பட்டத்துக்குக் காரணம் பயிற்றுநர்களிடையே பொதுவாக இருந்த ஏதோ ஒன்று. அந்தப் பொதுவில் மேல்நிலைச் சான்றும் உண்டு என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அவர்கள் தோற்கடித்த அணிகளின் பயிற்றுநர்களிடமும் மேல்நிலைச் சான்றுகள் இருந்தன. எஞ்சுவது வேறு: ஸ்ரீ கெலாம் பயிற்சி மையம், இஸ்கந்தர் புத்ரியில் 2020இல் திறக்கப்பட்ட 40,000 பேர் அமரும் சுல்தான் இப்ராகிம் அரங்கம், இரண்டாம் அணியிலிருந்து முதல் அணிக்கு வீரர்கள் ஏறிவரும் ஏற்பாடு, நேரத்துக்குச் சம்பளம், மற்றவர்களால் வாங்க முடியாத ஆட்டக்காரர்கள். பயிற்றுநர் பிழை செய்தாலும் தாங்கிக்கொள்ளும் அமைப்பு அது. ஜேடிடியின் வெற்றி சான்றிதழின் மதிப்பை நிரூபிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சான்றிதழால் அளக்க முடியாத அளவுக்கு அமைப்பு பெரிது என்பதையே அது காட்டுகிறது. ஜேடிடியைப் பார்த்து 'வெளிநாட்டு புரோ வந்தால் நமக்கும் பட்டம்' என்று மற்ற மாநிலங்கள் ஆண்டுதோறும் வெளிநாட்டவரைத் தேடியது, சான்றையும் அமைப்பையும் குழப்பிக்கொண்டதன் விளைவு.

இதற்கு நேர் எதிரான சாட்சி 2022 சூப்பர் லீக் பட்டியலில் இருக்கிறது. ஜேடிடி முதலிடம். இரண்டாம் இடம் நஃபூசி ஜைன் நடத்திய திரெங்கானு. மூன்றாம் இடம் ஓங் கிம் சுவீ நடத்திய சபா. நான்காம் இடம் கே. தேவன் நடத்திய நெகிரி செம்பிலான், முந்தைய ஆண்டுதான் இரண்டாம் நிலையான மலேசியப் பிரீமியர் லீக்கை வென்று மேலே வந்த அணி. மூவரும் மலேசியர்கள், மாநில அணிகளிலும் தேசிய இளையோர் ஏற்பாடுகளிலும் படிப்படியாக வளர்ந்தவர்கள். பணம் வித்தியாசம் செய்யும் முதல் இடத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்த ஆண்டு மலேசியக் காற்பந்தில் பயிற்றுநரின் கைத்திறன் வெளிப்பட்டது உள்ளூர்க்காரர்களிடம்தான். இதே ஜொகூரில் 2013க்குப் பிறகு முதல் அணியின் நிரந்தரத் தலைமைப் பயிற்றுநராக ஒரு மலேசியர் அமர்த்தப்படவில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. உள்ளூரில் ஆளில்லை என்ற விளக்கத்தை அந்த 2022 பட்டியல் ஏற்காது.

ஐரோப்பாவிலிருந்து அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கதைகளையும் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். 2022 அக்டோபரில் பிரான்சின் ரெய்ம்ஸ் அணியை முப்பது வயது வில் ஸ்டில் ஏற்றபோது அவரிடம் புரோ சான்று இல்லை. ஆட்டம் ஒன்றுக்கு 25,000 யூரோ அபராதம். அவருடைய முதல் பதினேழு லீக் ஆட்டங்களில் ரெய்ம்ஸ் தோற்கவில்லை. ரூபென் அமோரிம் 2020 மார்ச்சில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு வந்தபோது அவரிடமும் உச்சச் சான்று இல்லை. ஆட்டத்தாளில் அவர் பெயர் உதவியாளராகவும் தலைமைப் பயிற்றுநர் இடத்தில் வேறொருவர் பெயரும் பதிவாகின. அடுத்த பருவத்தில் பத்தொன்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் ஸ்போர்ட்டிங் லீக் சாம்பியன். சான்று இல்லாமலே சாதித்தார்கள் பாருங்கள் என்கிறார்கள். இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. சான்றில்லாத ஒருவரை, அபராதம் கட்டியாவது, ஒரு கிளப் வைத்துக்கொள்கிறது என்றால் அவர் அசாதாரணமானவர் என்று அது முன்பே கண்டுகொண்டிருக்கிறது. சான்றில்லாத சாதாரணங்கள் அந்த நாற்காலிக்கு வருவதேயில்லை; வந்திருந்தால் அவர்கள் கதை நமக்குத் தெரிந்திருக்காது. தேர்ந்தெடுக்கப்பட்ட இருவரை வைத்துத் தேர்வே வேண்டாம் என்று முடிவு கட்ட முடியாது. தவிர, இருவருமே கீழ்ப்படிகளைக் கடந்து வந்தவர்கள்.

ஆனால் இதே கதைகள் வேறொன்றை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகின்றன. விதி எல்லோருக்கும் ஒரே விதியாக இல்லை. பணமுள்ள கிளப் அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிடுகிறது. பெயருள்ளவருக்கு விதிவிலக்கு கிடைக்கிறது. இங்கிலாந்தில் 2006இல் மிடில்ஸ்பரோவுக்கு கேரத் சௌத்கேட், 2008இல் பிளாக்பர்னுக்கு பால் இன்ஸ், இருவரும் உச்சச் சான்று இல்லாமலே பிரீமியர் லீக்கில் அனுமதிக்கப்பட்டார்கள். முன்னாள் தேசிய வீரர்கள் என்பதால் வாசல் திறந்தது. 2014இல் ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியை உரிய சான்றின்றி நடத்துகிறார் என்று சினேதின் சிதானுக்கு ஸ்பெயின் சங்கம் மூன்று மாதத் தடை விதித்தது. புகார் கொடுத்தவர் ஒரு பயிற்றுநர் பள்ளியின் தலைவர். தடை நிறுத்திவைக்கப்பட்டது, சிதான் முதல் அணிக்குப் போனார், 2016 முதல் மூன்று சாம்பியன்ஸ் லீக் பட்டங்களைத் தொடர்ந்து வென்றார். அவர் திறமையில் எனக்கு ஐயமில்லை. அந்தப் புகார் கொடுத்தவரின் மாணவர்களை நினைக்கிறேன்: சொந்தக் காசில் படித்து, சான்று வாங்கி, மூன்றாம் டிவிஷனில் வேலைக்குக் காத்திருப்பவர்கள். விதியின் முழு எடையும் அவர்கள் தோளில் மட்டும் இறங்குகிறது.

இந்த இடத்தில் மலேசியத் தமிழர்களாகிய நமக்குச் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. கே. ராஜகோபால் 2009இல் லாவோஸில் சீ விளையாட்டுத் தங்கத்தை வென்று இருபதாண்டுக் காத்திருப்பை முடித்தார். அந்த இளைஞர்களையே முதுகெலும்பாக வைத்து 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை இரு ஆட்ட மொத்தத்தில் 4-2 என வென்று தென்கிழக்காசிய நாடுகளின் சுசுகி கிண்ணத்தை முதல் முறையாக நாட்டுக்குக் கொண்டுவந்தார். பி. சத்தியநாதன் 2007 முதல் 2009 வரை தேசிய அணி, பின்னர் கிளந்தான், சிலாங்கூர் என்று நடத்தியவர். மலேசியக் காற்பந்துப் பயிற்றுநர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். மேலே சொன்ன தேவன் மூன்றாமவர். ஆட்டக்காரர்களின் பட்டியலில் நம் பெயர்கள் குறைந்துகொண்டே வந்த காலத்தில், பயிற்றுநர் பட்டியலில் நாம் தாக்குப்பிடித்தோம். கற்பித்தல் நமக்குப் பழகிய தொழில். பள்ளி ஆசிரியர்கள், தோட்டத்து மைதானங்களில் மாலையில் பிள்ளைகளைக் கூட்டியவர்கள், காவல்துறை, இராணுவ அணிகளில் ஆடி ஓய்வு பெற்றவர்கள் என்று ஒரு வரிசை இருந்தது.

அந்த வரிசையில் இன்று நிற்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். குளுவாங்கிலோ சிகாமட்டிலோ தமிழ்ப்பள்ளி உடற்கல்வி ஆசிரியர். சி, பி இரண்டையும் விடுமுறையில் முடித்துவிட்டார். ஏ சான்றுக்குப் பல கட்டங்களாகப் பள்ளியை விட்டுப் போக வேண்டும். தலைமையாசிரியரின் அனுமதி வேண்டும். புரோவுக்கு ஏ சான்று மட்டும் போதாது, உயர்மட்ட அணியில் வேலை செய்த அனுபவமும் வேண்டும். வகுப்பில் இருக்கைகளோ எந்த நாட்டிலும் இருபது, இருபத்தைந்தைத் தாண்டுவது அரிது. உயர்மட்ட வேலை கிடைக்கச் சான்று வேண்டும். சான்றுக்கு உயர்மட்ட வேலை வேண்டும். முன்னாள் தேசிய வீரருக்கு இந்தச் சுழலைக் கடக்க ஒரு கிளப் தலைவரின் தொலைபேசி அழைப்பு போதும். ஆசிரியருக்கு அப்படி யாரும் இல்லை. அரசியல் தலையீட்டைத் தடுக்க எழுப்பிய சுவர், அந்தத் தலையீட்டால் என்றுமே பயன்பெறாத ஒருவரையும் சேர்த்து வெளியே நிறுத்துகிறது. புரோ விதியின் மீது என் முதன்மைக் குற்றச்சாட்டு இதுதான். படிப்பில் குறையில்லை, படிப்புக்குப் போகும் வழியில் இருக்கிறது.

ஐஸ்லாந்து இதை வேறு விதமாகச் செய்தது. சுமார் 3,30,000 பேர் வாழும் நாடு. உச்சியில் சிலருக்குச் சான்று கொடுப்பதைவிட அடியில் எல்லோருக்கும் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பந்து உருட்டக் கற்றுக்கொடுப்பவரும் சம்பளம் வாங்கும், சான்று பெற்ற பயிற்றுநர். 2016 வாக்கில் அங்கே ஐரோப்பியச் சான்று பெற்றவர்கள் சுமார் 600 பேர், பெரும்பாலோர் பி நிலையில். அந்த ஆண்டு யூரோ போட்டியில் இங்கிலாந்தை 2-1 என்று வீழ்த்தியது அந்த நாடு. அணியின் இரு பயிற்றுநர்களில் ஒருவரான ஹெய்மிர் ஹல்கிரிம்ஸொன் பல் மருத்துவர். தன் தீவில் பெண்கள் அணியிலிருந்து தொடங்கி, படிப்படியாகச் சான்று பெற்று வந்தவர். நம் குளுவாங் ஆசிரியரின் இடத்தில் நின்றவர், அங்கே உச்சிவரை நடந்து போக முடிந்தது. வழி திறந்திருந்தது என்பதைத் தவிர அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஐஸ்லாந்தை அப்படியே இங்கே இறக்க முடியாது என்பது தெரியும். அங்கே உள்ளரங்கத் திடல்களுக்கு அரசும் நகராட்சிகளும் செலவழித்தன. நகராட்சி என்றால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் அளவு. ஆனாலும் ஓர் உண்மை எங்கும் பொருந்தும். பயிற்றுநரின் படிப்பு ஆட்டக்காரருக்கு அதிகம் பயன்படுவது அவருடைய பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரை. முதல் தொடுகையும் உடலைத் திருப்பும் விதமும் தலை தூக்கிப் பார்க்கும் பழக்கமும் அந்த வயதில் அமைகின்றன. இருபத்தாறு வயதில் ஜேடிடிக்கு வரும் ஆட்டக்காரரின் இடக்காலை எந்தப் புரோவும் புதிதாக வளர்க்க முடியாது. உச்சச் சான்றுக்கு நாம் கொடுக்கும் கவனத்தில் பாதியைப் பி சான்றுக்குக் கொடுத்தால் பலன் பல மடங்கு.

ஆகவே என் தீர்ப்பு இது. சூப்பர் லீக்கில் புரோ டிப்ளோமா கட்டாயம் என்பது இருக்க வேண்டும். அதைத் தளர்த்தினால் நிரம்பப்போவது திறமையாளர்கள் இல்லை, தலைவர்களுக்கு வேண்டியவர்கள். ஆனால் சான்று இருப்பதை வைத்து ஒருவர் சிறந்தவர் என்று எந்த நிர்வாகமும் முடிவு கட்டக் கூடாது. அதைச் சொல்லும் ஆற்றல் அதற்குக் கிடையாது. வெளிநாட்டு புரோவையும் உள்ளூர் புரோவையும் ஒப்பிடும்போது இருவரின் காகிதமும் சமம் என்றுதான் தொடங்க வேண்டும். மிச்சம் அவர் எந்த அணியை, எந்த வசதியோடு, எங்கிருந்து எங்கே கொண்டுபோனார் என்பது. அந்த அளவுகோலில் 2022இன் நஃபூசியும் ஓங்கும் தேவனும் பல வெளிநாட்டவருக்கு முன்னே நிற்பார்கள்.

அமலாக்கத்தில் இரவல் பெயர்களுக்கு இடம் தரக் கூடாது. ஆட்டத்தாளில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பார்க்காமல், கோட்டோரத்தில் நின்று ஆணையிடுபவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். ஏ சான்றோடு உள்ளூர் அணிகளிலும் பள்ளிகளிலும் நீண்ட காலம் உழைத்த ஒருவரை ஒரு கிளப் தலைமைப் பயிற்றுநராக்க விரும்பினால், புரோ வகுப்பில் அவருக்கு உறுதியான இருக்கையோடு இரண்டு பருவ அவகாசம் தரலாம்; ஆட்டக்கார நாள்களின் புகழைக் காட்டி வருபவருக்கு அந்த அவகாசம் வேண்டியதில்லை. இங்கிலாந்து செய்ததற்கு இது நேர் தலைகீழ், அதுவே நியாயம் என்று எனக்குப் படுகிறது. ஜேடிடி போன்ற வசதி படைத்த கிளப், ஸ்ரீ கெலாமில் வெளிநாட்டுப் பயிற்றுநர் ஒவ்வொருவரின் பக்கத்திலும் ஏ சான்று பெற்ற ஜொகூர்க்காரர் இருவரை முழுச் சம்பளத்தில் நிறுத்தினால், மேலே சொன்ன அனுபவச் சுழல் இந்த மாநிலத்திலாவது அறுபடும். அதற்கு ஆகும் செலவு ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் சிறு தொகை.

இவற்றுக்கெல்லாம் முன்பே, பணச் செலவில்லாத ஒன்றைச் செய்யலாம். புரோ வகுப்புக்கு யார் விண்ணப்பித்தார்கள், யார் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், எந்தக் காரணத்தால், எந்த மாநிலத்திலிருந்து என்று மலேசியக் காற்பந்துச் சங்கம் ஒவ்வொரு முறையும் வெளியிட வேண்டும். தேர்வு நியாயமாக நடக்கிறதென்றால் வெளியிடுவதில் சங்கத்துக்கு இழப்பு ஒன்றுமில்லை. நிராகரிக்கப்பட்ட ஆசிரியருக்கு, அடுத்த முறைக்குள் தான் எதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதாவது தெரியும்.